ஒட்டு எங்கே விட்டது? பாலிமர் கலந்த சிமெண்ட் பூச்சு உரிந்த ஒரு கட்டடத்தின் ஆய்வு

கடலோரப் பம்பு நிலையம் ஒன்று. கூரையைத் தாங்க எட்டுத் தூண்கள், நான்கு உத்திரங்கள். அரித்துப்போன கான்கிரீட்டைச் செதுக்கி எடுத்துவிட்டு, எஸ்பிஆர் லேட்டக்ஸ் (ஸ்டைரீன்-பியூட்டடையீன் ரப்பர் கலந்த பால் போன்ற திரவம்) சேர்த்த சிமெண்ட் மோர்ட்டாரால் நிரப்பியிருந்தார்கள். இரண்டு ஆண்டு ஆவதற்குள் தூண்களில் பட்டைகள் உப்பின. உத்திரத்தின் அடியில் ஒரு பாளம் கழன்று விழுந்தது. ஒட்டுப்போட்ட இடத்துக்குப் பக்கத்தில், முன்பு நன்றாக இருந்த கான்கிரீட்டில் புது விரிசல் ஓடியது.

இது ஒரே ஒரு கட்டடத்தின் பதிவு அல்ல. பழுது பார்த்த கான்கிரீட் மறுபடி பழுதாகும் இடங்களில் திரும்பத் திரும்பத் தென்படும் குறைகளை ஒரே கட்டடத்தில் வைத்துக் காட்டும் மாதிரி நிகழ்வு. அளவுகள் இந்த வகை வேலையில் வழக்கமாக வரும் அளவுகள்.

இப்படிப் பூச்சு விழுந்ததும் எல்லோரும் முதலில் சொல்வது, "லேட்டக்ஸ் மட்டம், வேறு கம்பெனி சரக்கை வாங்கி இன்னும் கொஞ்சம் தாராளமாக ஊற்றுங்கள்" என்பதுதான். அநேகமாக எப்போதும் தவறான முடிவு. பூச்சு எந்த மட்டத்தில் பிரிந்தது என்று பார்த்தால் போதும், எந்த வேலை கெட்டது என்று தெரிந்துவிடும். இங்கே பிரிவு மூன்று வெவ்வேறு மட்டங்களில் நடந்திருந்தது. அதாவது மூன்று வெவ்வேறு தவறுகள்.

சரக்கு சரியா என்பதை முதலில் தீர்த்துக்கொள்வது

சந்தேகம் லேட்டக்ஸ் மேல் விழுந்ததால் அதை முதலில் முடித்தோம். மிச்சமிருந்த கேனை நன்றாகக் குலுக்கி, 10 கிராம் எடுத்துத் தட்டையான கிண்ணத்தில் ஊற்றி, 105 டிகிரி செல்சியஸ் அடுப்பில் எடை மாறாத வரை உலர்த்தினால் திடப்பொருள் மட்டும் நிற்கும். 4.7 கிராம் நின்றது, அதாவது 47 சதவீதம். இந்த வகைச் சரக்கில் இருக்க வேண்டிய அளவுதான். யாரும் தண்ணீர் கலக்கவில்லை.

அடுத்து, ஒரு கரண்டி சிமெண்டில் லேட்டக்ஸை ஊற்றிக் கலக்கிப் பார்ப்பது. சிமெண்டிலிருந்து வெளியாகும் கால்சியம் அயனிகள், அதற்கென நிலைப்படுத்தப்படாத லேட்டக்ஸை உடனே திரித்துக் கட்டியாக்கிவிடும். கம்பளப் பசைக்கும் பெயின்டுக்கும் செய்த சரக்கைத் தவறுதலாக வாங்கியிருந்தால் இங்கேயே மாட்டிக்கொள்ளும். கட்டி தட்டவில்லை.

ஒரே ஒரு தூணின் அடிப்பகுதியில் மட்டும் வேறு கதை. அங்கே பழைய ஒட்டு நகத்தால் சுரண்டினாலே வந்தது, தொட்டால் பிசுபிசுத்தது. கேன் தீர்ந்த நாளில் தச்சு வேலைக்கு வைத்திருந்த வெள்ளைப் பசையைக் கலந்திருக்கிறார்கள். பாலிவினைல் அசிடேட் பசை காய்ந்து படலமான பிறகும் ஈரம் பட்டால் மறுபடி இளகும். சிமெண்டின் காரத்தில் மெல்ல மெல்லச் சிதையவும் செய்யும். எப்போதும் ஈரமாக இருக்கும் தூணடியில் அதற்கு வேலை இல்லை. இதற்குமேல் ஆராய ஒன்றுமில்லை, முழுவதும் எடுத்தாக வேண்டும்.

தட்டிப் பார்த்ததும் இழுத்துப் பார்த்ததும்

200 கிராம் சுத்தியலால் 150 மி.மீ. கட்டம் போட்டு ஒவ்வொரு பட்டையையும் தட்டினோம். கணீரென்றால் ஒட்டு இருக்கிறது. பொக்கென்று கேட்டால் இல்லை. பொக்கையான கட்டங்களைச் சாக்பீஸால் சுற்றிவிட்டு, அப்படியே வரைபடத்தில் ஏற்ற வேண்டும். சதவீதக் கணக்கு மட்டும் எடுப்பவர்கள் இதில் பாதியைத் தவறவிடுகிறார்கள். எத்தனை பொக்கை என்பதைவிட எங்கெங்கே பொக்கை என்பதுதான் முக்கியம்.

வரைபடத்தில் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. எட்டுத் தூண்களில் ஆறில், கீழ் 1 மீட்டர் வரை பூச்சு திடமாக இருந்தது. அதற்கு மேலே போகப் போகப் பொக்கை. வெயில் விழும் பக்கத்தில் இன்னும் மோசம். சரக்கு கெட்டிருந்தால் உயரம் பார்த்துக் கெடாது.

பிறகு இழுவைச் சோதனை. 50 மி.மீ. உள்விட்ட வைரத் துளையிடும் குழாயால் பூச்சைச் செங்குத்தாகக் கடந்து, பழைய கான்கிரீட்டுக்குள் 15 மி.மீ. இறங்க வெட்ட வேண்டும். மேலே 50 மி.மீ. உலோக வட்டை எபாக்சியால் ஒட்டி, வினாடிக்குச் சுமார் 100 நியூட்டன் வீதம் சீராக இழுக்க வேண்டும். ஒரு மெகாபாஸ்கல் என்பது ஒரு ச.மி.மீ.க்கு ஒரு நியூட்டன். வட்டின் பரப்பு 1,963 ச.மி.மீ.; ஆகவே, பின்னால் ஏற்பு எல்லையாக வரும் 1.5 மெகாபாஸ்கல் என்றால் ஏறத்தாழ 2.9 கிலோநியூட்டன். ஐரோப்பியத் தர நெறி இஎன் 1542, அமெரிக்கத் தர நெறி ஏஎஸ்டிஎம் சி1583 இரண்டும் இந்த முறையைத்தான் விவரிக்கின்றன. வட்டுப் பசையில் பிரிந்தால் அந்த அளவீடு செல்லாது. துளையிடும்போதே துண்டு குழாய்க்குள் கழன்று வந்தால் அதைக் கணக்கிலிருந்து தள்ளிவிடக் கூடாது; ஒட்டு அறவே இல்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

கிடைத்தவை: தூண்களின் மேல்பகுதியில் 0.2 முதல் 0.5 மெகாபாஸ்கல், பிரிந்தது சரியாக இணைப்பு மட்டத்தில். தூண்களின் கீழ்ப்பகுதியில் 1.6 முதல் 2.1, பெரும்பாலும் பழைய கான்கிரீட்டுக்குள். உத்திரங்களில் 0.6 முதல் 0.9, பிரிந்தது பழைய கான்கிரீட்டில், ஆனால் இணைப்புக்கு வெறும் 2 முதல் 4 மி.மீ. உள்ளே. அறிக்கையில் "பழைய கான்கிரீட்டில் முறிவு" என்று எழுதியதும் ஒட்டு நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வது வழக்கம். 0.7 மெகாபாஸ்கலில், அதுவும் தோலளவு ஆழத்தில் முறிந்தால் அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. காரணம் கீழே வருகிறது.

தூண்: காய்ந்துபோன ஒட்டுப்பூச்சு

தூணிலிருந்து கழன்ற பட்டையின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் மணல் தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் வழவழப்பான, லேசாக மினுங்கும் ஒரு தோல். கத்தி முனையால் கீறினால் பொடியாகாமல் நார்போல் சுருண்டு வந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உறிஞ்சாமல் முத்தாக நின்றது. தோல் எங்கும் இரண்டாகக் கிழியவில்லை, ஏதாவது ஒரு பக்கத்தில் முழுசாக நின்றது. தோல் கான்கிரீட்டில் ஒட்டிப் பட்டையில் ஒட்டாமல் போன இடங்களும் உண்டு, மாறியிருந்த இடங்களும் உண்டு.

இது எப்படி உண்டாகிறது என்பதற்கு லேட்டக்ஸ் வேலை செய்யும் விதம் தெரிய வேண்டும். லேட்டக்ஸ் என்பது தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பாலிமர் உருண்டைகள். ஒவ்வொன்றும் ஒரு மைக்ரானில் சில பத்தில் ஒரு பங்கு. சிமெண்ட் தண்ணீரைக் குடிக்கக் குடிக்க, மிச்சத் தண்ணீர் ஆவியாக ஆக, உருண்டைகள் நெருங்கி, ஒன்றோடொன்று உருகி இணைந்து படலமாகின்றன. இந்தப் படலம் சிமெண்ட் படிகங்களுக்கு நடுவே வலைபோல் ஊடுருவுவதால்தான் இழுவலிமையும் ஒட்டும் தன்மையும் கூடுகின்றன, நீர் ஊடுருவுவது குறைகிறது. இதே படலம் இரண்டு அடுக்குக்கு இடையில், மோர்ட்டார் வருவதற்கு முன்பே உருவாகிவிட்டால் தடுப்புத் தாளாகிவிடும். எஸ்பிஆர் படலம் ஒருமுறை உருவானால் தண்ணீர் பட்டு மறுபடி இளகாது. வெளியில் அதற்கு இருக்கும் நல்ல குணம், இணைப்பில் எதிரியாகிறது.

தூண்களில் நடந்தது இதுதான். மோர்ட்டாருக்கு முன் தடவும் ஒட்டுப்பூச்சை (லேட்டக்ஸும் சிமெண்டும் சேர்ந்த குழைவு) ஒரு வாளி கரைத்து 3.2 மீட்டர் உயரத் தூணுக்கு மேலிருந்து கீழ்வரை ஒரே மூச்சில் பூசியிருக்கிறார்கள். பிறகு மோர்ட்டார் கலந்து, கீழிருந்து அடைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். கீழ் 1 மீட்டரை அடைக்கும்போது பூச்சு ஈரமாக இருந்தது. மேலே எட்டும்போது காற்றும் வெயிலும் அதைத் தோலாக்கிவிட்டன. வரைபடத்தில் உயரத்தோடு கூடிய பொக்கை உண்மையில் நேரத்தின் வரைபடம்.

வெறும் லேட்டக்ஸை, சிமெண்ட் கலக்காமல், பிரஷ்ஷால் தடவிவிட்டு மேலே பூசும் பழக்கமும் பல தளங்களில் இருக்கிறது. அதில் இந்தத் தோல் இன்னும் சீக்கிரம் வரும். காய்ந்த பூச்சின் மேல் இன்னொரு கோட் அடித்தால் சரியாகிவிடும் என்பதும் தவறு. காய்ந்துவிட்டால் கம்பி பிரஷ்ஷால் அல்லது கிரிட் வீச்சால் (கரடுமுரடான துகள்களைக் காற்றழுத்தத்தில் அடிப்பது) முழுவதும் அகற்றிவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். வேறு குறுக்கு வழி இல்லை.

உத்திரம்: அடிபட்ட கான்கிரீட்

உத்திரத்திலிருந்து விழுந்த பாளத்தின் பின்புறம் நேர்மாறு. அதில் பழைய கான்கிரீட்டின் மெல்லிய தகடு ஒன்று இறுக்கமாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஜல்லிகள் பாதியில் உடைந்திருந்தன. உருப்பெருக்கிக் கண்ணாடியில், மேற்பரப்புக்கு இணையாக நுண்விரிசல்கள் அடுக்கடுக்காகத் தெரிந்தன. பாலிமர் தன் வேலையைச் செய்திருக்கிறது. அது பற்றிக்கொண்ட கான்கிரீட்தான் ஏற்கெனவே பாதி கழன்றிருந்தது.

இது பெரிய பிரேக்கரால் வரும் காயம். கனமான சுத்தியலும் மழுங்கிய அகல உளியும் கான்கிரீட்டை வெட்டுவதில்லை, நசுக்குகின்றன. நொறுங்கி விழுந்தது போக, விழாமல் நிற்கும் சில மில்லிமீட்டர் தோல் உள்ளுக்குள் விண்டிருக்கும். கண்ணுக்கு அது நல்ல சொரசொரப்பான பரப்பாகத் தெரியும் என்பதுதான் ஆபத்து. பெரிய பிரேக்கரைப் பயன்படுத்தவே கூடாது என்பதில்லை. கடைசி 15 மி.மீ. ஆழத்தை 5 முதல் 7 கிலோ சிப்பிங் சுத்தியலால், கூரான உளியால், சாய்த்துப் பிடித்து எடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் கிரிட் வீச்சோ உயரழுத்த நீர்ப் பாய்ச்சலோ கட்டாயம். விண்ட தோலை உரிப்பது அதுதான். முந்தைய வேலையில் இந்தக் கட்டம் முழுவதும் விடுபட்டிருந்தது. காற்றடித்துத் தூசி தட்டியதோடு நிறுத்தியிருக்கிறார்கள்.

இன்னொரு குறையும் அங்கே இருந்தது. கம்பிக்குப் பின்னால் 20 மி.மீ. இடைவெளி விட்டுச் செதுக்கியது சரி. ஆனால் கவர் (கம்பிக்கு வெளியே உள்ள கான்கிரீட் கனம்), ரிங் (கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்), கம்பி, பின் இடைவெளி எல்லாம் சேர்த்து 85 மி.மீ. ஆழக் குழியை, தலைக்கு மேலே, கையால் அடைத்திருக்கிறார்கள். கரணையால் தள்ளும் மோர்ட்டார் கம்பியைச் சுற்றிக்கொண்டு பின்னால் போகாது. வெட்டிப் பார்த்த இடங்களில் ஒவ்வொரு கம்பிக்கும் பின்னால், கம்பியின் நிழல் போல, ஒரு வெற்றுக் குழாய் ஓடியது. துரு மறுபடி தொடங்க அது போதும்.

பக்கத்தில் ஓடிய புது விரிசல்

உத்திரங்களின் ஓரங்களில், ஒட்டின் விளிம்பிலிருந்து 50 முதல் 150 மி.மீ. தள்ளி, அதே கம்பியின் வழியாக விரிசல். இங்கே பூச்சின் மேல் எந்தக் குற்றமும் இல்லை. சொல்லப்போனால் பூச்சு நன்றாக இருந்ததுதான் காரணம்.

புதிதாக உடைத்த பரப்பில் 1 சதவீத பினாப்தலீன் கரைசலைத் தெளித்தபோது கம்பி வரை அடர் இளஞ்சிவப்பு வந்தது. ஆக, கார்பனேற்றம் (காற்றின் கரியமில வாயு கான்கிரீட்டின் காரத்தைக் குறைப்பது) இல்லை. துளையிட்டு 20 மி.மீ. அடுக்கு அடுக்காகப் பொடி எடுத்துச் சோதித்ததில், கம்பி மட்டத்தில் குளோரைடு சிமெண்ட் எடையில் 0.7 முதல் 0.9 சதவீதம். பொதுவாக எச்சரிக்கைக் கோடாக வைக்கும் 0.4 சதவீதத்தைப் போல இரண்டு மடங்கு. உப்பு உத்திரம் நெடுக இருந்தது. கவர் விழுந்த இடத்தை மட்டும் செதுக்கி ஒட்டியிருக்கிறார்கள்.

முன்பு துருப்பிடித்துக்கொண்டிருந்த பகுதி நேர்முனையாக (அனோடு, அதாவது அரிபடும் முனை) இருந்து, பக்கத்துக் கம்பியைத் தன்னையறியாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பகுதியைச் சுத்தம் செய்து, காரம் மிகுந்த புது மோர்ட்டாரில் பொதிந்ததும் அது துருப்பிடிப்பதை நிறுத்தியது. பாதுகாப்பை இழந்த பக்கத்துக் கம்பி, தன்னைச் சுற்றியுள்ள உப்போடு, புது நேர்முனையானது. ஒட்டைச் சுற்றி மோதிரம் போல் வருவதால் இதை வளைய நேர்முனை என்பார்கள். கடலோர வேலைகளில் ஒட்டு தோற்றதாக எழுதப்படும் பல புகார்களின் உள்ளே இருப்பது இதுதான்.

செம்பு-செம்புசல்பேட் அரைமின்கலத்தால் மின்னழுத்தம் எடுத்தபோது ஒட்டுக்கு வெளியே −380 முதல் −420 மில்லிவோல்ட். ஏஎஸ்டிஎம் சி876 கணக்கில் −350-க்கும் கீழே போனால் துரு நடப்பதற்கு 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. ஒட்டின் மேல் மின்கலத்தை வைத்து எடுத்த அளவுகளை ஒதுக்கிவிட்டோம். பாலிமர் மோர்ட்டாரின் மின்தடை சாதாரணக் கான்கிரீட்டைவிட மிக அதிகம். அதன் வழியாக எடுத்த எண் கம்பியைப் பற்றி நம்பிக்கையாக எதையும் சொல்லாது.

கலவையில் போன தண்ணீர்

தூண்களின் மேற்பரப்பில் வலைபோல் மெல்லிய விரிசல்கள் இருந்தன. உரிந்ததற்குக் காரணம் இவை அல்ல, ஆனால் விட்டுவிடக் கூடியவையும் அல்ல. தளப் பதிவேட்டில் ஒரு மூட்டைக்கு எழுதியிருந்தது: சிமெண்ட் 50 கிலோ, மணல் 150, லேட்டக்ஸ் 16, தண்ணீர் 18 லிட்டர். 18-ஐ 50-ஆல் வகுத்தால் நீர்-சிமெண்ட் விகிதம் 0.36, அழகான விகிதம். கணக்கில் வராதது இரண்டு. 16 கிலோ லேட்டக்ஸில் பாதிக்கு மேல், 8.5 கிலோ, தண்ணீர்தான். ஈர மணலில் 3 சதவீதம் என்று வைத்தாலும் 4.5 கிலோ. மொத்தம் 31, விகிதம் 0.62.

அவ்வளவு தண்ணீர் உள்ள கலவை சுருங்கத்தான் செய்யும். சுருக்கம் 600 மைக்ரோ (நீளத்தில் பத்து லட்சத்தில் 600 பங்கு), மீள்தன்மைக் கெழு, அதாவது விறைப்பின் அளவு, 20 ஜிகாபாஸ்கல் என்று வைத்தால், நகர விடாமல் பிடித்த பூச்சில் 12 மெகாபாஸ்கல் இழுவிசை கணக்காகிறது. ஊர்தல் (நீடித்த விசையில் பொருள் மெல்ல நெகிழ்ந்துகொடுப்பது) அதில் பாதிக்கு மேல் விழுங்கினாலும் மிச்சம் நிற்பது மோர்ட்டாரின் இழுவலிமையை ஒட்டியோ மீறியோ இருக்கும். அமுக்கு வலிமை அதிகமான சரக்கைத் தேர்ந்தால் சரியாகும் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. வலிமையோடு கெழுவும் ஏறும், இழுவிசையும் ஏறும்.

பூசிய பிறகு 10 நாள் விடாமல் தண்ணீர் தெளித்ததும் பதிவேட்டில் பெருமையாக இருந்தது. சாதாரணச் சிமெண்ட் பூச்சுக்கு அது புண்ணியம். லேட்டக்ஸ் கலந்ததற்கு முதல் ஓரிரு நாள்தான் ஈரம் வேண்டும். பிறகு காய விட்டால்தான் படலம் உருவாகும். இதே காரணத்தால் சோதனைக் கனசதுரங்களை 28 நாள் தண்ணீர்த் தொட்டியில் போட்டு உடைத்தால் வலிமை குறைவாகத்தான் காட்டும். ஆய்வகத்துக்கு அனுப்பும்போது "2 நாள் ஈரம், பிறகு காற்றில்" என்று எழுதி அனுப்பாவிட்டால், நல்ல கலவையைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள்.

மறுபடி செய்தது

உத்திரங்களுக்கு முதலில் முட்டுக்கால். கம்பிக்குப் பின்னால் செதுக்கும்போது உத்திரம் தன் வலிமையின் ஒரு பகுதியை இழக்கிறது. முட்டு இல்லாமல் உளியைத் தொடக் கூடாது. தூண்களில் ஒரு நேரத்தில் ஒரு முகம் மட்டும், அதுவும் வடிவமைப்புப் பொறியாளர் கணக்குப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு.

எடுக்க வேண்டிய எல்லையை நேர்க்கோடுகளால் குறித்து, கிரைண்டரால் 10 மி.மீ. ஆழத்துக்குச் செங்குத்து விளிம்பு வெட்டினோம். ரிங் எந்த ஆழத்தில் இருக்கிறது என்று கவர் மீட்டரால் பார்க்காமல் கிரைண்டரை இறக்குவது கம்பியை அறுப்பதில் முடியும். விளிம்பை இறகுபோல் மெலிதாக முடித்தால் அந்த மெலிந்த ஓரத்தில் தண்ணீர் உடனே உறிஞ்சப்பட்டு, முதலில் அதுதான் உரியும்.

உத்திரக் கம்பிகளைக் கிரிட் வீசி வெண்மையான உலோகம் தெரியும் வரை சுத்தம் செய்தோம். குளோரைடு இருக்கும் இடத்தில் கம்பியின் குழிகளுக்குள் உப்பு தங்கும். நல்ல தண்ணீரால் உயரழுத்தத்தில் கழுவி, காய்ந்ததும் இன்னொரு முறை கிரிட். 20 மி.மீ. கம்பி மிக மோசமான இடத்தில் 18.2 மி.மீ. இருந்தது. விட்டத்தில் இழப்பு 9 சதவீதம்தான், பரப்பில் 17 சதவீதம். அங்கே 16 மி.மீ. துணைக் கம்பி சேர்த்துக் கட்டப்பட்டது.

கம்பிக்கு எபாக்சி பூசுவதைத் தவிர்த்தோம். அது கம்பியோடு நிற்காமல் பக்கத்துக் கான்கிரீட்டில் வழிந்து, அங்கே இன்னொரு தடுப்புத் தோலாகிறது. ஒட்டின் விளிம்பை ஒட்டி, சுத்தமான கம்பியில் துத்தநாகத் தியாக அனோடுகளை (கம்பிக்குப் பதிலாகத் தாங்கள் அரிந்து அதைக் காக்கும் கட்டிகள்) கட்டி, ஒவ்வொன்றுக்கும் கம்பியோடு மின்தொடர்ச்சி இருக்கிறதா என்று மல்டிமீட்டரால் பார்த்தோம். அனோடு வேலை செய்ய அதைச் சுற்றிய மோர்ட்டார் மின்னோட்டத்தை விட வேண்டும். மின்தடைமை 150 ஓம்-மீட்டருக்குள் இருக்கச் சொல்வது வழக்கம். லேட்டக்ஸ் மிகுந்த மோர்ட்டார் அதைத் தாண்டிவிடும். ஆகவே உத்திரங்களுக்குப் பாலிமர் மோர்ட்டாரையே விட்டுவிட்டு, பலகையடித்து, ஒரு பக்கத்திலிருந்து ஊற்றி நிரப்பும் சுருக்கம் ஈடுசெய்த நுண்கான்கிரீட். 85 மி.மீ. ஆழமும் கம்பி நிழலும் எப்படியும் அதைத்தான் கேட்டன. பாலிமர் மோர்ட்டாரைப் பற்றிய கட்டுரையில் இதைச் சொல்வது விந்தையாகத் தோன்றலாம். அது எங்கே வேண்டாம் என்பதும் அதைத் தெரிந்திருப்பதில் சேர்ந்ததுதான்.

தூண்கள் அதற்கு ஏற்ற இடம். ஆழம் 30 முதல் 35 மி.மீ., கம்பி வெளியே இல்லை, கவர் 50 மி.மீ., குளோரைடும் கம்பி வரை எட்டவில்லை. பழைய பட்டையையும் தோலையும் எடுத்து, கிரிட் வீசி, முந்தைய நாள் மாலை முதல் ஈரச் சாக்கு சுற்றி வைத்தோம். பூசுமுன் சாக்கை எடுத்துக் காற்றடித்து, மேலே நிற்கும் தண்ணீரை அகற்றிவிட வேண்டும். பரப்பு கருத்திருக்க வேண்டும், மினுங்கக் கூடாது. காய்ந்த கான்கிரீட் மோர்ட்டாரின் தண்ணீரை இழுத்துவிடும். தண்ணீர் நிற்கும் கான்கிரீட் இணைப்பில் மட்டும் நீர் விகிதத்தை ஏற்றிவிடும்.

கலவை, ஒரு தடவைக்கு: சிமெண்ட் 10 கிலோ. மணல் உலர் எடையில் 30 கிலோ. 3 சதவீத ஈரத்தோடு தராசில் 30.9. லேட்டக்ஸ் 3.2 கிலோ, இது திடப்பொருளாகச் சிமெண்ட் எடையில் 15 சதவீதம். கூடுதல் தண்ணீர் சுமார் 1 கிலோ, அவ்வளவே. மொத்த நீர் 3.6 கிலோ, விகிதம் 0.36. வாளியில் 1 லிட்டர் பார்ப்பதற்கு அற்பமாகத் தெரியும். கொத்தனார் கை தானாக இன்னொரு குவளைக்குப் போகும். லேட்டக்ஸ் உருண்டைகளே கலவையை வழுக்கச் செய்வதால், இரண்டு நிமிடம் ஓடிய பிறகு தேவையான இளக்கம் வந்துவிடும். அதுவரை பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். மணலின் ஈரம் காலைக்கும் மாலைக்கும் மாறும் என்பதால் இரண்டு வேளையும் வறுத்துப் பார்த்தோம்.

லேட்டக்ஸையும் தண்ணீரில் பெரும்பகுதியையும் முதலில் ஊற்றி, முன்பே கலந்த சிமெண்ட்-மணலைப் போட்டு, மெதுவாகச் சுழலும் துடுப்புக் கலவை இயந்திரத்தில் 2 முதல் 3 நிமிடம். அதற்குமேல் ஓட்டினால் நுரை ஏறும். லேட்டக்ஸில் சோப்புத் தன்மையுள்ள பொருள் இருக்கிறது. நுரையடக்கி சேர்த்த சரக்கிலும் இது நடக்கும். ஏறிய காற்று அப்படியே வலிமையைத் தின்னும். ஒரு தடவைக்குக் கிடைப்பது 20 லிட்டருக்குச் சற்று மேல், 30 மி.மீ. கனத்தில் முக்கால் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரும். கலந்த 30 நிமிடத்துக்குள் தீர வேண்டும். கெட்டியானதைத் தண்ணீர் விட்டு இளக்கினால் அது குப்பை.

தனியாக ஒட்டுப்பூச்சு கரைப்பதையே நிறுத்தினோம். கலந்த மோர்ட்டாரில் ஒரு கையளவு எடுத்து, கடினமான பிரஷ்ஷால் பரப்பில் அழுத்தித் தேய்த்து, பிரஷ்ஷில் ஒதுங்கும் பருமணலைத் தள்ளிவிட்டால், குழைவு மட்டும் கான்கிரீட்டின் நுண்குழிகளில் ஏறும். அரை சதுர மீட்டர் தேய், உடனே அடை, பிறகு அடுத்த அரை சதுர மீட்டர். பூச்சும் மோர்ட்டாரும் ஒரே வாளியிலிருந்து வருவதால் ஒன்று காய்ந்து மற்றொன்று காத்திருக்கும் நிலையே வராது.

முதல் அடுக்கு 15 மி.மீ., விளிம்பு மூலைகளில் முதலில் அழுத்தி. குறுக்கும் நெடுக்கும் கீறிவிட்டு, கை விரல் அழுத்தினால் பதியும் ஆனால் ஒட்டாது என்ற நிலையில் இரண்டாவது அடுக்கு. மேற்பரப்பை இழைக்க 15 நிமிடம் அளவுதான் நேரம். அதற்குள் மெல்லிய தோல் கட்டிவிடும். அதன் மேல் கரணையை மறுபடி இழுத்தால் தோல் கிழிந்து, கிழிசல் ஒவ்வொன்றும் விரிசலாக நிற்கும். தண்ணீர் தெளித்துத் தேய்த்து மினுக்கும் பழக்கத்தை இங்கே கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். வெயில் பக்க முகங்களைக் காலை வேளையில், மறைப்புத் துணி கட்டி, 30 டிகிரிக்குக் கீழே முடித்தோம். குளிர்ந்த இடங்களில் மறு எல்லை உண்டு: ஒவ்வொரு லேட்டக்ஸுக்கும் படலம் உருவாகக் குறைந்தபட்ச வெப்பநிலை ஒன்று இருக்கிறது, அதற்குக் கீழே உருண்டைகள் இணையாமல் பொடியாகவே நின்றுவிடும்.

உடனே ஈரச் சாக்கும் பாலித்தீன் தாளும், 48 மணி நேரம். பிறகு இரண்டையும் எடுத்துவிட்டுக் காற்றில் விட்டோம்.

ஏற்றுக்கொண்ட அளவுகள்

28 நாளில் ஒவ்வொரு தூணிலும் மூன்று இடத்தில், கட்டாயம் ஒன்று மேல் அரை மீட்டரில், இழுவைச் சோதனை. இஎன் 1504-3 பாரம் தாங்கும் ஒட்டுக்கு வைக்கும் எல்லை, ஆர்3 வகைக்கு 1.5 மெகாபாஸ்கல், ஆர்4 வகைக்கு 2.0. அது ஆய்வகத்தில், நல்ல கான்கிரீட் பலகை மேல் சரக்கைச் சோதிக்கும் எண்; பழைய தூணில் அப்படியே எதிர்பார்க்க முடியாது. இங்கே கான்கிரீட்டின் சொந்த இழுவலிமையே 2 மெகாபாஸ்கல் அளவுதான். எனவே ஏற்பு எல்லையை 1.5 என்றும், முறிவு இணைப்பில் இருக்கக் கூடாது என்றும் வைத்தோம். எண்ணும் முறிந்த மட்டமும் சேர்ந்தே தேற வேண்டும். மேல்பகுதியும் கீழ்ப்பகுதியும் ஒரே அளவில் வந்தன.

தூண்களை ஓர் ஆண்டில் மறுபடி தட்டிப் பார்த்தால் போதும். உத்திரங்களுக்கு அது போதாது. அனோடுகளுக்கு வெளியே உப்புள்ள கான்கிரீட் இன்னும் நிற்கிறது. அனோடு கரையக் கரைய அதன் காவல் குறையும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, அதே கட்டங்களில், பழைய கான்கிரீட்டின் மேல் மட்டும் மின்கலத்தை வைத்து அளவெடுக்க வேண்டும். ஓரிடத்தில் எண் மறுபடி துருவைக் காட்டத் தொடங்கினால், விரிசல் தெரியும் வரை காத்திராமல் அங்கே துளையிட்டுப் புது அனோடு இறக்கலாம்.